தொத்தெமோவா, மெச்சாவா? ஜப்பானிய இளையோர் பேச்சில் ‘மிக’ என்னும் பொருள் தரும் சொற்கள்

ஹகாத்தா மாணவன்

அனைவருக்கும் வணக்கம். ஃபுக்குவோக்காவில் மொழிப்பள்ளியை முடித்துவிட்டு இப்போது தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர்களுக்கு வாரத்துக்கு 28 மணி நேரம் பகுதிநேர வேலை செய்ய அனுமதி உண்டு என்பதால், மாலை நேரங்களில் ஒரு ராமென் (சாற்றில் பரிமாறும் நூடுல்ஸ்) கடையின் சமையலறையில் நிற்கிறேன். சென்ற வாரம் அங்கே நடந்த ஒன்றுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

கடை உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெடுநேரம் கொதிக்க வைத்த பன்றி எலும்புச் சாற்றில் அன்றைக்கு ஏதோ மாற்றம் செய்து பார்த்திருந்தார். சிறு கிண்ணம் ஒன்றில் ஊற்றி என்னிடம் நீட்டினார். உண்மையிலேயே அருமையாக இருந்தது. என்னோடு படிக்கும் ஜப்பானிய நண்பர்கள் எதைச் சாப்பிட்டுப் பிடித்தாலும் சொல்லும் சொல்லே என் வாயிலும் வந்தது: ‘யபாய்!’ அவர் அகப்பையைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு, ‘எது சரியில்லை?’ என்று மெதுவாகக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று நான் விளக்கியதும் தலையசைத்தார் என்றாலும், அந்த ஒரு நிமிடம் அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

என் கேள்வி இதுதான். பாடநூலில் ‘மிக’ என்பதற்கு ‘தொத்தெமோ’ என்று படித்தேன். என் வயதுடையவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சுகோய், மெச்சா, ச்சோ, மாஜி, கச்சி, ஒனி என்று நாளுக்கு ஒன்றாகக் காதில் விழுகிறது. இவை எல்லாமே ஒரே பொருள் தருபவையா? எதை யாரிடம் சொல்லலாம்?

எழுத்தாணி

தம்பி, நான் சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாக ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியில் தவறே இல்லை. ‘யபாய்’ என்பது திருடரும் அவர்களைப் போன்றோரும் ‘ஆபத்து, மாட்டிக்கொள்வோம்’ என்னும் பொருளில் வழங்கிய குழூஉக்குறி. அவருடைய தலைமுறையில் பலருக்கு இன்றும் அதன் முதற்பொருளே முன்னே நிற்கும்.

வெளியிலிருந்து மொழியைக் கற்கும் ஒருவருக்கு ‘தொத்தெமோ’ போதும் என்பதே என் கருத்து. அது யாரையும் புண்படுத்தாது, எங்கும் பொருந்தும். இளையோர் வழக்கில் இலக்கணமே குலைகிறது. ‘சுகோகு ஒய்ஷீ’ (மிகச் சுவை) என்று வினையடையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் பெயரடை வடிவத்தை வைத்து ‘சுகோய் ஒய்ஷீ’ என்கிறார்கள். எதிர்மறையோடு மட்டும் வர வேண்டிய ‘ஜென்ஜென்’ (சற்றும்) என்பதை ‘ஜென்ஜென் தைஜோபு’ (முற்றிலும் நலமே) என்று உடன்பாட்டில் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பழக்கங்களைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுவது நல்லது.

ஓசாகாவாசி

ஆசிரியர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ‘தொத்தெமோ’ பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் இன்று பாடநூலில் படிக்கும் அந்தச் சொல்லே ஒரு காலத்தில் இளையோர் வழக்கு என்று முகம் சுளிக்கப்பட்ட சொல்தான்.

எழுத்தாளர் அகுத்தாகவா ரியுனோசுகே தம் குறிப்பு ஒன்றில், ‘தொத்தெமோ மலிவு’, ‘தொத்தெமோ குளிர்’ என்று சொல்லும் வழக்கம் தோக்கியோ பேச்சில் நுழைந்து சில ஆண்டுகளே ஆகின்றன என்று எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு ‘தொத்தெமோ’ எதிர்மறையோடுதான் வந்தது: ‘எப்படிப் பார்த்தாலும் ஈடுகொடுக்க முடியாது’, ‘எந்த வகையிலும் ஒன்றுசேராது’ என்பது போன்ற தொடர்களில். இன்றும் ‘தொத்தெமோ தெகினாய்’ என்றால் ‘என்னால் ஆகவே ஆகாது’ என்றுதான் பொருள். பழைய வழக்கு அந்த இடத்தில் உயிரோடு நிற்கிறது. உடன்பாட்டில் வரும் புதிய ‘தொத்தெமோ’ மிகாவா என்னும் பழைய மாகாணத்திலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் கருதி, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிக் கவிஞர் ஒருவர் எழுதிய ஹைக்குவையும் சான்றாகக் காட்டினார். அவர் 1927-இல் மறைந்தார். நூறு ஆண்டுகளுக்குள் அந்தப் புதுவழக்கு பாடநூலின் முதற்சில பாடங்களுக்குள் வந்து அமர்ந்துவிட்டது.

‘ஜென்ஜென்’ கதை இன்னும் வியப்பானது. அது எதிர்மறையோடு மட்டுமே வர வேண்டும் என்பது பழைய விதி என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். மெய்ஜி கால (1868–1912) எழுத்தைத் திறந்து பார்த்தால், ‘முழுவதுமாக’ என்னும் பொருளில் அது உடன்பாட்டோடு இயல்பாக வருகிறது. நாத்சுமே சோசெகியின் ‘பொச்சான்’ நாவல் 1906-இல் வெளிவந்தது. அதில் தவறு முழுக்க மாணவர்களுடையதே என்று சொல்லும் இடத்தில் ‘ஜென்ஜென்’ உடன்பாட்டில் நிற்கிறது. எதிர்மறை கட்டாயம் என்ற எண்ணம் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பரவலாக வேரூன்றியது என்று மொழி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இளையோர் ஒரு தொன்மையான விதியை உடைக்கிறார்கள் என்று சொல்ல இடமில்லை.

காந்தள்

நான் வசன மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கிறேன். இந்தச் சொற்களோடுதான் என் பகல்கள் கழிகின்றன. கேள்வி கேட்டவர் ‘இவை எல்லாமே ஒரே பொருள் தருபவையா’ என்று கேட்டிருக்கிறார். ஆசிரியரும் ஓசாகாவாசியும் வரலாற்றுக்குள் சென்றுவிட்டதால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. என் விடை: ஒரே பொருள் தருபவை அல்ல. அகராதியில் எல்லாவற்றுக்கும் நேரே ‘மிக’ என்று போட்டிருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

‘மெச்சா’ அளவைக் கூட்டுகிறது. ‘மெச்சா உமாய்’ என்றால் சுவை அதிகம். ‘மாஜி’ அளவைத் தொடுவதில்லை. பேசுபவர் தம் சொல்லுக்குத் தாமே உறுதி கொடுக்கிறார். அது ‘மாஜிமே’, அதாவது விளையாட்டின்றி மெய்யாகவே இருத்தல் என்னும் சொல்லின் சுருக்கமாகக் கருதப்படுகிறது; ‘எதோ’ என்னும் காலத்திலேயே (1603–1868) வழக்கில் இருந்தது. அதனால்தான் ஒருவர் வியப்பான செய்தி சொன்னால் ‘மாஜி?’ என்று ஒற்றைச் சொல்லில் திருப்பிக் கேட்க முடிகிறது, ‘மெச்சா?’ என்று யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஒரே வாக்கியத்தில் ‘மாஜி தே மெச்சா உமாய்’ என்று இரண்டும் அருகருகே வந்தாலும் கூறியது கூறலாகத் தோன்றாததற்குக் காரணமும் இதுவே: முன்னது ‘நான் சொல்வது மெய்’ என்கிறது, பின்னது ‘மிகச் சுவை’ என்கிறது.

‘கச்சி’ மாஜியின் பக்கத்து வீட்டுச் சொல். சுமோ மற்போரில் முன்னேற்பாடு ஏதுமின்றி இருவர் உண்மையாகவே மோதிக்கொள்வதற்குக் ‘கச்சிங்கோ’ என்று பெயர். உடலும் உடலும் முட்டும் ஒலியிலிருந்து பிறந்த சொல் அது. ஆகவே ‘கச்சி தே’ என்றால் பாவனை இல்லை, வேடிக்கை இல்லை என்று பொருள். ‘நான் கச்சியாகப் படிக்கிறேன்’ என்று ஒரு மாணவர் சொன்னால், நீண்ட நேரம் படிக்கிறார் என்பதைவிட முழு மனத்தோடு இறங்கிவிட்டார் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார்.

இப்போது ‘ஜென்ஜென்’. நெரிசலான தொடர்வண்டியில் உங்கள் காலை ஒருவர் மிதித்துவிட்டுப் பதறி மன்னிப்புக் கேட்கிறார். நீங்கள் ‘ஜென்ஜென் தைஜோபு’ என்கிறீர்கள். நீங்கள் அஞ்சுவதுபோல் ஒன்றும் இல்லை என்பதே அதன் உட்பொருள். வெளியே உடன்பாடாகத் தோன்றினாலும் எதிரில் இருப்பவரின் அச்சத்தை அது மறுக்கிறது. எதிர்மறை வாக்கியத்திலிருந்து நீங்கி உரையாடலுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை உணராமல் ‘மிக’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், விருந்தில் முதல் வாய் உண்டதும் ‘ஜென்ஜென் ஒய்ஷீ’ என்று சொல்லிவிட்டால், ‘மோசமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை’ என்று சொன்னதாக ஆகிவிடும். ராமென் கடையில் தம்பி ‘யபாய்’ என்றதோடு நின்றது ஒருவகையில் நல்லதே.

எழுத்தாணி

காந்தள் சொன்ன தொடர்வண்டி எடுத்துக்காட்டை இரண்டு முறை படித்தேன். இத்தனை ஆண்டுகள் வகுப்பில் ‘ஜென்ஜென் தைஜோபு’ என்று எழுதிய மாணவருக்குச் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். தேர்வுத்தாளில் இனியும் அடிப்பேன், ஆனால் ஏன் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுவேன். ஓசாகாவாசி காட்டிய அகுத்தாகவா குறிப்பையும் ஏற்கிறேன்.

இருந்தாலும் என் அடிப்படைக் கவலை மாறவில்லை. சொல்லுக்கு வரலாறு இருக்கிறது என்பதால் இன்று கேட்பவரின் செவியும் அதே இடத்தில் இருக்கும் என்று கொள்ள முடியாது. ஜப்பானிய அரசின் பண்பாட்டு அலுவல்கள் முகமை 1995 முதல் நாட்டுமொழி குறித்துக் கருத்துக் கணிப்பு நடத்திவருகிறது. 2014-ஆம் நிதியாண்டின் கணிப்பில், ‘யபாய்’ என்பதை ‘மிக அருமை’ என்னும் பொருளில் சொல்வதுண்டா என்று கேட்டார்கள். பதினாறு முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் உண்டு என்றனர். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் நான்கில் ஒருவர் என்ற அளவுக்குச் சற்று மேல்தான். அந்த உரிமையாளரும் தம்பியும் ஒரே சமையலறையில் நின்றபோது இந்த இடைவெளியின் இரு கரைகளில் நின்றார்கள்.

‘சுகோய் ஒய்ஷீ’ நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே முகமை 2021-ஆம் நிதியாண்டில் ‘அவர் ஓட்டம் சுகோய் வேகம்’ என்ற வகைத் தொடரைக் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் தாமும் அப்படிச் சொல்வதாக விடையளித்தனர். இனி அதை இளையோர் வழக்கு என்று சொல்வது பொருந்தாது. பேச்சில் விட்டுவிடுங்கள், எழுதும்போது ‘சுகோகு’ என்றே எழுதுங்கள்.

ஓசாகாவாசி

நன்றி, ஆசிரியரே. ‘மெச்சா’ பற்றி நான் எழுதாமல் இருந்தால் எங்கள் ஊர் என்னை மன்னிக்காது. ‘மெச்சாகுச்சா’ என்றால் ஒழுங்கு குலைந்து சிதறிக் கிடப்பது. அதன் தலைப்பகுதியை மட்டும் எடுத்து அழுத்திச் சொன்னால் ‘மெச்சா’. சென்னைப் பேச்சில் ‘தாறுமாறு’ என்னும் சொல் எப்படிப் பாராட்டாக மாறியதோ, அதே பாதை; தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இது ஓசாகா அடங்கிய கான்சாய் வட்டாரத்தின் அடையாளமாகவே இருந்தது. இரண்டு பேர் நின்று உரையாடிச் சிரிக்க வைக்கும் மன்சாய் கலைஞர்கள் 1980-களில் தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் வீடுகளுக்குள் வந்தபோது இந்தச் சொல்லும் கூடவே வந்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் வெள்ளி வென்ற தஜிமா யாசுகோ, தங்கம் கைநழுவிய ஆற்றாமையை ‘மெச்சா குயாஷீ’ என்று கேமராவின் முன் சொன்னார். அந்த ஆண்டின் புதுச்சொல் விருதுப் பட்டியலில் அந்தத் தொடர் இடம்பெற்றது. இன்று தோக்கியோ பள்ளிப் பிள்ளைகள் அதைக் கான்சாய்ச் சொல் என்று நினைத்துச் சொல்வதில்லை.

‘ச்சோ’ வேறு குலம். ‘தாண்டிய, விஞ்சிய’ என்னும் பொருள்கொண்ட சீனவழி முன்னொட்டு அது. ஒலியை விஞ்சிய வேகம், அளவுக்கு மீறிய நெரிசல் என்று செய்தித்தாள் நடையில் பெயர்ச்சொற்களின் முன் ஒட்டிக்கொண்டிருந்தது. இளையோர் அதை அவிழ்த்து ‘ச்சோ சமுய்’ என்று குளிருக்கும் ஒட்டினார்கள். 1996-இல் ‘ச்சோபெரிபா’ (‘ச்சோ’வோடு ஆங்கில ‘வெரி பேட்’, மிக மோசம்) என்ற கலப்புச்சொல் புகழின் உச்சியில் இருந்தது. இன்று அதைச் சொன்னால் சொல்பவரின் வயது தெரிந்துவிடும். ஆனால் அதன் உள்ளே இருந்த ‘ச்சோ’ மட்டும் பிழைத்துக்கொண்டது. 2004-இல் ஏதென்ஸில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்ற கித்தாஜிமா கோசுகே, ‘ச்சோ கிமோச்சி ஈ’ (மிக இன்பமாக இருக்கிறது) என்று முழங்கியது அந்த ஆண்டின் முதன்மை விருதையே பெற்றது.

ஹகாத்தா தம்பிக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் கடையில் நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள் அல்லவா? அந்தச் சொற்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.

புதுவரவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘ஒனி’ என்றால் கொம்பு முளைத்த அரக்கன் என்றுதான் கதைகளில் படித்தேன். ‘ஒனி கவாயி’ என்று ஒரு பெண் தன் தோழியின் சட்டையைப் பார்த்துச் சொன்னாள். அரக்கத்தனமான அழகு என்று எப்படிப் பாராட்ட முடியும்?

காந்தள்

பெரியது, கடுமையானது என்பதற்கு அரக்கனின் பெயரை முன்னே ஒட்டுவது ஜப்பானியத்தில் நெடுங்காலப் பழக்கம். அந்நாட்டின் மிகப் பெரிய தும்பிக்கு ‘ஒனியன்மா’ என்று பெயர். கண்டிப்பான பயிற்சியாளரை ‘ஒனி’ என்பார்கள். இளையோர் செய்தது, அளவையும் கடுமையையும் வைத்துக்கொண்டு அச்சத்தைக் கழற்றியதுதான்.

மிகுதிச் சொற்களில் பெரும்பாலானவை இப்படி அச்சத்திலிருந்தும் கேட்டிலிருந்தும்தான் வருகின்றன. ‘சுகோய்’ பழைய இலக்கியத்தில் உடல் சில்லிடும் பாழ்மையைக் குறித்தது. மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்கும்போது நாம் பணிவோடு சொல்லும் ‘தைஹென்’ பெரும் நிகழ்வு, பெருங்கேடு என்னும் பொருளிலிருந்து வந்தது. அறிக்கைகளில் எழுதும் ‘ஹிஜோ நி’ என்பதன் உள்ளே இருக்கும் ‘ஹிஜோ’ அவசரநிலை. கட்டடங்களில் பச்சை விளக்கோடு இருக்கும் அவசர வெளியேறும் வழியின் பெயர்ப்பலகையிலும் அதே சொல்தான். அவற்றின் அச்சம் தேய்ந்துபோய் நெடுநாள் ஆகிவிட்டதால் அவை மரியாதையாக ஒலிக்கின்றன. ‘யபாய்’ இன்னும் தேய்ந்துகொண்டிருக்கிறது.

ஹெயான் காலப் (794–1185) பெண்கள் எழுதிய உரைநடையில் ‘இமிஜி’ என்றொரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். தீட்டு, விலக்கு என்னும் வேரிலிருந்து பிறந்தது. மிக அழகு, மிகக் கொடுமை என இரண்டுக்கும் வழங்கியது. எது என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அரண்மனைச் சொல் அது. ‘நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே சொல்லா’ என்று யபாயைக் குறைசொல்பவர்கள் பள்ளியில் செவ்வியல் பாடத்துக்காக இமிஜியைப் பக்தியோடு மனப்பாடம் செய்தவர்கள்தாம். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்த இரண்டையும் இணைத்துக் கற்பித்தால் பிள்ளைகளுக்குப் பழைய இலக்கியம் எவ்வளவோ நெருக்கமாகும்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். சொல்லை மாற்றாமலே அழுத்தத்தைக் கூட்டவும் வழி இருக்கிறது: நடுவில் உள்ள மெய்யை ஒரு மாத்திரை நிறுத்திச் சொல்வது. ‘சுகோய்’ என்பதன் நடுவே மூச்சைப் பிடித்துவிட்டால் வியப்பு இரட்டிப்பாகும். ‘தொத்தெமோ’வையும் குழந்தைகள் அப்படி இறுக்கிச் சொல்வார்கள். எழுத்தில் இதைச் சிறிய ‘ட்சு’ எழுத்தால் காட்டுவார்கள். ‘மெச்சா’வின் உள்ளே அந்த நிறுத்தம் ஏற்கெனவே குடியேறிவிட்டது என்பதால்தான் அது பிறந்ததிலிருந்தே உரக்க ஒலிக்கிறது. சொல்லைக் கற்பவர்கள் இந்த நிறுத்தத்தைக் கற்காவிட்டால், சரியான சொல்லைச் சொல்லியும் உணர்ச்சியற்றவர்போல் தோன்றுவார்கள்.

எழுத்தாணி

இமிஜியைப் பற்றிக் காந்தள் எழுதியதை அடுத்த வாரம் மேல்நிலை வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன்.

தம்பி கேட்ட ‘யாரிடம் எதை’ என்பதற்கு என் விடையையும் திருத்திக்கொள்கிறேன். நேர்காணலிலும் அலுவலக மின்னஞ்சலிலும் ‘தைஹென்’, ‘ஹிஜோ நி’. வயதில் மூத்தவரோடு பணிவாகப் பேசும்போது ‘தொத்தெமோ’, ‘சுகோகு’. வகுப்புத் தோழர்களோடு ‘மெச்சா’, ‘மாஜி தே’ என்று தயங்காமல் சொல்லுங்கள். அவர்களிடம் எப்போதும் ‘தொத்தெமோ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நடுவில் ஒரு திரை தொங்குவதுபோல் அவர்களுக்குத் தோன்றும். ‘ஒனி’, அதைப் போன்றே புதிதான ‘எகுய்’ போன்றவற்றைக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். அவை நாவில் தாமாக வரும் நாள் வரும்வரை காத்திருங்கள்.

ஹகாத்தா மாணவன்

மூன்று நாட்களாக வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இந்த இழையைத்தான் படிக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஓசாகாவாசி சொன்னபடி நூடுல்ஸ் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்: யவா, ஃபுத்சூ, கத்தா, பரிகத்தா, ஹரிகானே, கொனாஒத்தோஷி. மென்மை, இயல்பு, கெட்டி, அதற்கடுத்து ‘பரி’ கெட்டி, பிறகு கம்பி, கடைசியாக மாவை மட்டும் உதறிவிட்டு எடுப்பது. ஒவ்வோர் இரவும் முப்பது நாற்பது முறை ‘பரிகத்தா!’ என்று அடுப்பை நோக்கிக் கூவுகிறேன். ‘பரி’ என்பதே இந்த ஊரின் ‘மிக’ என்று இத்தனை மாதங்களில் எனக்குத் தோன்றவில்லை. நான் தேடிய சொல் என் வாயிலேயே இருந்திருக்கிறது.

ஓசாகாவாசி

அதைத்தான் எதிர்பார்த்தேன். ஹொக்கைதோவில் ‘நமாரா’, நகோயாவில் ‘தெரா’, ஹிரோஷிமாவில் ‘புச்சி’, ஒகினாவாவில் ‘தேஜி’ என்று ஊருக்கு ஊர் இப்படி ஒன்று உண்டு. இவற்றை இளையவரும் சொல்வார்கள், பெரியவரும் சொல்வார்கள். யபாய் பிரித்த இரண்டு பேரை ஊர்ச்சொல் ஒரு பக்கம் நிற்க வைக்கும், முயன்று பாருங்கள்.

ஹகாத்தா மாணவன்

நேற்று இரவு கடை சாத்திய பிறகு, மிஞ்சிய சாற்றில் எங்கள் இருவருக்கும் உரிமையாளர் உணவு எடுத்தார். முதல் வாய் குடித்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ‘பரி உமாய் தெசு’ என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. தம் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, விரலால் மேசையைத் தட்டி, ‘உமாய் இல்லை, உமாகா’ என்று திருத்தினார். ஃபுக்குவோக்காவின் ஹகாத்தாப் பேச்சில் பெயரடை ‘கா’ என்று முடிய வேண்டுமாம். ‘பரி உமாகா’ என்று மூன்று முறை சொல்ல வைத்தார். மூன்றாவது முறை சரியாக வந்ததும், எழுந்து போய் எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார்.